வழுவமைதியும் கணினி நிரலும்

தமிழிலக்கணம் பயில்வார் சொல்லதிகாரத்துள் மூன்று சொற்களை எதிர்ப்படுவர்: வழாநிலை, வழு, வழுவமைதி. இலக்கண நெறியினின்று பிறழாது நிற்பது வழாநிலை. பிறழ்ந்தது வழு. பிறழ்ந்ததாயினும் தக்கதொரு காரணம் பற்றி 'இதுவும் அமைக' என்று சான்றோரால் ஏற்கப்பட்டது வழுவமைதி. மேய்ச்சலினின்று மீளும் பசுவைக் கண்ட உழவன் உவகை மிக்கு 'என் அம்மை வந்தாள்' என்பானாயின், அஃறிணையை உயர்திணையாற் கூறிய வழு அதன்கண் உண்டு. ஆயினும் உவகையென்னும் காரணம் வெளிப்பட நிற்றலின் அதனை ஆசிரியர் அமைத்துக்கொண்டனர். ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுளது. வழுவமைதியை ஏற்ற ஆசிரியர் விதியை மாற்றினாரல்லர். பசு அஃறிணை என்னும் விதி முன்போலவே நிற்கின்றது. அவ்விதிக்கு விலக்கு எவ்விடத்து, எக்காரணத்தால், எத்துணை அளவிற்கு என்பது மட்டுமே வரையறுக்கப்பட்டது.

இப்பாகுபாடு தமிழ் மாணவர்க்கே உரிய பழம்பொருள் என்று கருதுவார் பலர். யாமோ, இக்காலத்துக் கணினி நிரல் எழுதுவோர்க்கு இதனினும் வேண்டப்படும் அறிவு அரிது என்று கூறத் துணிகின்றோம். தமிழ் பயிலும் எமக்கு நிரலொடு என்ன உறவு என வினவுவார்க்கு விடை எளிது. இன்று தமிழ் ஓலையில் வாழவில்லை. தாளிலும் முழுவதும் வாழவில்லை. கணினியிலும் கைபேசியிலும் வாழ்கின்றது. அங்கே தமிழை ஏற்றியிறக்கும் நிரல் பிழைபட்டால் பிழைபடுவது தமிழே.

முதற்கண் பொருளை விளக்குதும். மனிதன் எழுதும் நிரலை எந்திரம் நேரே உணராது. அதனை எந்திரத்தின் ஆணைகளாகப் பெயர்த்துத் தருவது கம்பைலர். எண்களைக் கணித்தல், சொற்களை ஒப்பிடுதல், வரிகளை அச்சிடுதல் போன்ற பொதுவேலைகளுக்கு முன்னரே எழுதி வைத்த நிரல்களின் தொகுதி நூலகம் எனப்படும். கம்பைலர் எவ்வாறு பெயர்க்கவேண்டும், நூலகம் என்னென்ன தரவேண்டும் என்று வகுத்துரைக்கும் இலக்கண நூல் ஒன்றுண்டு, அது செந்தரம். சி மொழிக்கு 1989-ஆம் ஆண்டில் அமெரிக்கச் செந்தரமும், 1990-ஆம் ஆண்டில் உலகச் செந்தரமும் எழுந்தன. சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1998-ஆம் ஆண்டில் முதற்செந்தரம் எழுந்தது. செந்தரத்தைத் தழுவி ஒருமுறை எழுதிய நிரல் எவ்வெந்திரத்திலும் எக்கம்பைலரிலும் ஒருபடித்தாக இயங்குதல் வேண்டும் என்பதே நோக்கம். அங்ஙனம் இயங்குவதை இடம்பெயரவல்ல நிரல் என்பர்.

இடம்பெயர்தலின் அருமையைப் புதுவை நாட்டுப்புறத்தார்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. புதுவை நிலம் ஒரே பரப்பாகக் கிடப்பதன்று. பிரெஞ்சு ஆட்சி 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் கைம்மாறியபோதும், 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாளில் சட்டப்படி நிறைவெய்தியபோதும், பழைய எல்லைக் கோடுகள் அழியவில்லை. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்கள் தமிழ்நாட்டு ஊர்களோடு விரவிக் கிடக்கின்றன. ஏம்பலத்து வாழ்வார்க்கு மொழி ஒன்று, உறவு ஒன்று, வயலும் வாய்க்காலும் தொடர்ச்சி. ஆயினும் எல்லைக் கல்லைக் கடந்தால் அலுவலகம் வேறு, விதி வேறு. எல்லையின் இருமருங்கும் செல்லுபடியாகும் ஒழுக்கத்தை இவ்வூரார் வழிவழியாகக் கற்றிருக்கின்றனர். இடம்பெயரவல்ல நிரலை எழுதுவான் கற்கவேண்டியதும் அதுவே.

இனி, செந்தரம் இருக்க இடர் யாண்டிருந்து வருகின்றது? கம்பைலரும் நூலகமும் செந்தரத்தின் வழி நில்லாமையின் வருகின்றது. மெய்யான மூன்று சான்றுகள் காட்டுதும்.

'ஃபார்' என்பது ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் சொல். அச்சுழற்சிக்கென்று பெயரிட்ட எண் சுழற்சி முடிந்தவுடன் மறைதல் வேண்டும் என்பது சி பிளஸ் பிளஸ் செந்தரத்தின் விதி. 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த விஷுவல் சி பிளஸ் பிளஸ் 6 என்னும் கம்பைலர், அவ்வெண்ணைச் சுழற்சிக்கு வெளியேயும் உலவவிட்டது. அடுத்தடுத்து இரண்டு சுழற்சிகளில் ஒரே பெயரை வைத்தால், 'இப்பெயர் முன்னரே உளது' என்று செந்நெறி நிரலைப் பிழையெனத் தள்ளிற்று.

இரண்டாவது சான்று நூலகம் பற்றியது. எழுத்துக்களை அளவிட்ட பெட்டியுள் அடைக்கும் 'எஸ்என்பிரிண்ட்எஃப்' என்னும் செயலை 1999-ஆம் ஆண்டுச் சி செந்தரம் வகுத்தது. பெட்டி சிறிதாயின் மிச்சத்தை வெட்டிவிட்டு, இறுதியில் முடிவுக்குறி இட்டு, முழுமைக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று விடையிறுக்க வேண்டும் என்பது விதி. மைக்ரோசாஃப்டு நூலகத்திலோ, 2015-ஆம் ஆண்டு விஷுவல் ஸ்டூடியோ வரும்வரை, பெயரின் முன் ஒரு கோடு பெற்ற வேறொரு செயலே இருந்தது. அது பெட்டி நிறைந்தால் முடிவுக்குறி இடாது. வேண்டும் அளவும் கூறாது. முடிவுக்குறி இல்லாத சொல், கரையில்லாத ஏரி போன்றது. படிக்கும் நிரல் எங்கே நிற்பது என்று அறியாது அயலிடத்துள் பாய்ந்துவிடும்.

மூன்றாவது சான்று வியப்புடையது. சொல்வடிவங்களைத் தேடும் கருவியை 2011-ஆம் ஆண்டுச் சி பிளஸ் பிளஸ் செந்தரம் நூலகத்துள் சேர்த்தது. ஜி.சி.சி. என்னும் கம்பைலரின் 4.8 பதிப்பு, 2013-ஆம் ஆண்டில், அக்கருவியின் தலைப்பேட்டை உடன்கொண்டே வந்தது. நிரல் தடையின்றிப் பெயர்க்கவும் பட்டது. இயக்கிப் பார்த்தாலோ கருவியின் உள்ளீடு பெரும்பாலும் எழுதப்படாமலே இருந்தது. 2014-ஆம் ஆண்டில் 4.9 பதிப்பில்தான் அது நிரம்பிற்று. பெயர்ப்பலகை இருந்தது, கடையில் சரக்கில்லை.

இவையனைத்தும் அயலார் இடர் என்று வாளா இருப்பார்க்குத் தமிழிற் சான்று தருதும். ஏம்பலம் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்க. தமிழ்க் கணக்கின்படி ஏ, ம், ப, ல, ம் என எழுத்து ஐந்து. யூனிகோடு என்னும் உலகக் குறியேட்டிலோ, புள்ளி தனிக்குறியாதலின், குறிகள் ஏழு. அவற்றை யூ.டி.எஃப்.-8 முறையில் சேமித்தால், குறி ஒன்றுக்கு மூன்று பைட்டாக, இருபத்தொரு பைட்டு. நீளம் யாது என்று வினவினால், வினவும் நூலகத்திற்கேற்ப ஐந்து என்றும் ஏழு என்றும் இருபத்தொன்று என்றும் விடை வரும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பைத்தன் மொழியின் நூலகத்தில் சொற்களைப் பிரித்தெடுக்கும் கருவி உளது. 'சொல்லுக்குரிய எழுத்து' என்பதற்கு அதில் ஒரு குறி வைத்துள்ளனர். எழுத்தொடு சேரும் துணைக்குறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கொள்க என்று யூனிகோடு நிறுவனத்தின் தொழில்நுட்ப உரை அறிவுறுத்துகின்றது. பைத்தன் கருவி அங்ஙனம் கொள்ளவில்லை. புள்ளியையும் உயிர்க்குறியையும் சொல்லுக்குப் புறம்பான வேலியென்று கருதிற்று. யாம் பயன்படுத்திய மூன்றாந் தலைமுறைப் பைத்தனில் இட்டுப் பார்த்தபோது, ஏம்பலம் என்னும் ஊர் 'ஏம' என்றும் 'பலம' என்றும் இரண்டாய்ப் பிளந்தது. பாகூர் மூன்று துண்டாயிற்று. வில்லியனூர் ஐந்து துண்டாயிற்று. தமிழ் என்னும் சொல்லே 'தம' எனவும் 'ழ' எனவும் உடைந்தது. இக்குறை 2011-ஆம் ஆண்டிலேயே பைத்தனின் பொதுக் குறைப்பதிவேட்டில் பதிவாயிற்று. ஊர்ப்பெயர் வரிசையிலோ வாக்காளர் பெயர்களிலோ இக்கருவியைக் கண்மூடிச் செலுத்துவார் உளராயின், அங்கே சிதைவது ஒரு குடியின் பெயரும் ஊரும் அன்றோ?

புதுவை ஊரகத்தில் நாளும் வழங்கும் 'கொம்யூன்' என்னும் சொல்லையும் நோக்குக. அதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம்; ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் இடலாம். யூனிகோடு இவ்விரண்டும் ஒன்றே என்று கொள்கின்றது. கண்ணுக்கும் வேற்றுமை தோன்றாது. ஆயினும் இருவடிவையும் முன்னர் ஒருவடிவாக்காமல் ஒப்பிடும் நிரல், 'இவை வெவ்வேறு சொற்கள்' என்று தீர்ப்புக் கூறும்.

பாகூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று கிடைத்தது. ஆங்கிருந்த கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுவது அது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப்பகுதி தமிழிலும் அமைந்தது. அதனைக் கணினியில் ஏற்ற விரும்பினால் நேர்வது யாது? கிரந்த எழுத்துக்கள் 2014-ஆம் ஆண்டில் யூனிகோட்டில் இடம்பெற்றன. மா, காணி, முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களும் குறியீடுகளும் ஐம்பத்தொன்று 2019-ஆம் ஆண்டில் இடம்பெற்றன. இரு தொகுதிகளும் குறியேட்டின் முதல் 65,536 இடங்களுக்கு அப்பாற்பட்டவை. சி மொழியில் அகன்ற எழுத்துக்கென வகுத்த அளவு லினக்ஸில் முப்பத்திரண்டு பிட்டு. விண்டோஸிலோ பதினாறு பிட்டு. எழுத்து ஒவ்வொன்றும் ஓரலகில் அடங்குதல் வேண்டும் என்பது செந்தரத்தின் கருத்து. பதினாறு பிட்டில் இவை அடங்கா. ஓரெழுத்து ஈரெழுத்தாகக் கணக்கிடப்படும். லினக்ஸில் எழுதிச் சரியென்று கண்ட நிரல் விண்டோஸில் செப்பேட்டின் எழுத்தெண்ணைத் தவறாக உரைக்கும்.

இங்ஙனம் இடர் நேர்ந்தவிடத்து இருதிறத்தார் இருவேறு கூறுவர். ஒருதிறத்தார், 'செந்தரம் கூறியபடி எழுதுவதே எம் கடன். அதனை மதியாத கம்பைலர் அழிந்தொழிக' என்பர். மற்றைத் திறத்தார், 'முன்னிருக்கும் எந்திரத்தில் ஓடினாற் போதும். செந்தரம் ஏட்டுச் சுரைக்காய்' என்பர். இருவர் கூற்றும் எமக்கு உடன்பாடன்று.

முதற்றிறத்தார் கூற்று தூய்மையுடையது, ஆயின் இரக்கமற்றது. புதிய கருவி வாங்க வல்லார்க்கே அது பொருந்தும். ஊர்ப்புறத்துப் பள்ளியொன்றில் பத்தாண்டு பழகிய கணினியே இருக்குமாயின், அங்குள்ள சிறுவன் செந்தரம் அறியாக் கம்பைலரைத் தேர்ந்தவனல்லன். அது அவனுக்கு வாய்த்தது. 'உன் எந்திரம் வழுவுடையது. ஆதலின் உனக்கு என் நிரல் இல்லை' என்பது, செருப்பில்லாதவனை நோக்கி 'வழியில் முள் இருத்தல் முறையன்று' என்று அறம் உரைத்துவிட்டுப் போவதனோடொக்கும்.

இரண்டாந்திறத்தார் கூற்று இன்றைக்கு இனிது, நாளைக்கு நஞ்சு. அதற்குத் தமிழர் கொடுத்த விலையே சான்று. விண்டோஸ் 2000 வருவதற்கு முன், அக்குடும்பத்துக் கணினிகளில் யூனிகோடு வழித் தமிழுக்கு இடமில்லை. ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் பல எழுந்தன. பாமினி அவற்றுள் ஒன்று. அந்நாளில் அது தக்க உதவியே. அதனை இகழ்தல் நன்றிகொன்றதாகும். எனினும் எழுத்துருதோறும் குறிமுறை வேறாயிற்று. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க அதே எழுத்துரு வேண்டியதாயிற்று. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்னும் பொதுக் குறிமுறைகளை வகுத்தது. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோட்டை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் குறிமாற்றிகளின்றிப் படிக்கவொண்ணாது கிடக்கின்றன. எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவன பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே. காரணமும் எல்லையும் குறியாமல் வைத்த வழுவமைதி, காலப்போக்கில் விதியின் அரியணையில் ஏறி அமர்ந்துவிட்டது. இதுவே யாம் அஞ்சும் கேடு.

ஆகலின் வழுவமைதி வேண்டும். அது வழுவமைதி என்றே அறியப்படவும் வேண்டும். இதற்கு ஐந்து நெறிகளை யாம் முன்வைக்கின்றோம்.

முதலாவது, நிரலின் உடல் முழுவதும் செந்தரத்தின் வழியே எழுதப்படுக. மாற்றுவழி நிரலெங்கும் தெளிக்கப்படாது ஓரிடத்தில் ஒடுங்குக. ஹென்றி ஸ்பென்சர், ஜெஃப் காலியர் என்னும் இருவர் 1992-ஆம் ஆண்டிலேயே இதனை வற்புறுத்தினர். 'இக்கணினியாயின் இது, அக்கணினியாயின் அது' என்னும் கிளைகள் நிரலெங்கும் முளைத்தால், பின்வருவோர் எதனையும் பின்தொடர வொண்ணாது என்பதும், வேறுபாடுகளைத் தெளிந்ததோர் இடைமுகத்தின் பின்னே மறைத்தலே தகும் என்பதும் அவர் கருத்து. க்னூலிப் என்னும் தொகுதி இவ்வழியிற் செல்வது. வழுவுற்ற நூலகச் செயலுக்குத் தானே செவ்விய செயலைத் தருமாதலின், நிரலெழுதுவான் செந்தரத்திற்கே எழுதிச் செல்லலாம்.

தரங்கம்பாடி அச்சகத்தின் வரலாறும் இதனையே உணர்த்தும். சீகன்பால்கு ஐயர் காலத்தில் செர்மனி நாட்டு ஹாலே நகரினின்று வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தன. அவற்றால் அச்சிட்டால் தாள் போதாது. என் செய்தனர்? நூலின் வாசகத்தைச் சுருக்கினாரல்லர். பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்தனர். 1715-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். குறை எழுத்து வார்ப்பில் இருந்தது. தீர்வும் ஆங்கேயே செய்யப்பட்டது. நூல் நூலாகவே நின்றது.

இரண்டாவது, உற்பத்தியாளன் பெயரைக் கேட்டு முடிவு செய்யற்க. செயலைச் சோதித்து முடிவு செய்க. ஒருவர்க்கு ழகரம் வருமா என்று அறிய அவர் ஊரைக் கேட்பது பேதைமை. 'வாழைப்பழம்' என்று சொல்லச் செய்தல் அறிவுடைமை. 1991-ஆம் ஆண்டில் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்னும் கருவி இந்நெறியது. கம்பைலரின் பெயரை நம்பாமல், சிறு சிறு சோதனை நிரல்களைத் தந்து அதன் ஆற்றலை அளந்து பார்க்கும். பெயரை நம்பலாகாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. தான் எச்செந்தரத்தைத் தழுவியது என்று கம்பைலர் தானே அறிவிக்கும் எண் ஒன்றுளது. மைக்ரோசாஃப்டுக் கம்பைலர் பிற்காலச் செந்தரங்களைக் கற்ற பின்னரும், வேண்டிக் கேட்டாலன்றி, பழைய 1998-ஆம் ஆண்டுச் செந்தரத்தின் எண்ணையே கூறிற்று. பழைய நிரல்கள் முறியாதிருத்தற்கு அவர்கள் செய்த வழுவமைதி அது.

மூன்றாவது, சோதனை மெய்யாகவே இயக்கிப் பார்ப்பதாகுக. ஜி.சி.சி. 4.8 சான்றில், தலைப்பேடு உண்டா என்று மட்டும் வினவியவன் ஏமாந்தான். தமிழுக்கெழுதும் நிரலாயின், சோதனைச் சொற்களில் புள்ளியும் கொம்பும் காலும் உடைய சொற்கள் இருத்தல் வேண்டும். ஆங்கிலச் சொல்லால் மட்டும் சோதித்த நூலகம் தமிழுக்குச் சோதியாத நூலகமே.

நான்காவது, வழுவை மறைக்கும் மாற்றுவழி புதிய வழுவை விதையாதிருக்க. மேற்கூறிய 'எஸ்என்பிரிண்ட்எஃப்' இல்லாத இடத்தில், கோடிட்ட பழைய செயலுக்கு அப்பெயரைச் சூட்டி வைத்தோர் பலர். பெயர் ஒத்தது, குணம் ஒவ்வாதாயிற்று. படிப்பவன் செந்தரச் செயலென்றே நம்பி, முடிவுக்குறி உண்டென்று எண்ணி இடர்ப்பட்டான். ஆள்மாறாட்டம் வழுவமைதியாகாது. 'ஃபார்' இடரினைத் தீர்க்க, அச்சொல்லையே வேறொரு தொடராகப் பெயரிட்டு மாற்றிய தந்திரமும் அந்நாளில் பரவியிருந்தது. சுழற்சியை ஒரு நிபந்தனையின் கிளைக்குள் அடைத்து, எண் வெளியேறாமல் தடுத்தது அது. கூர்மையான தந்திரமே. ஆயினும், செந்தர நூலகத்தின் தலைப்பேட்டைச் சேர்த்த நிரல் மொழியின் அடிப்படைச் சொற்களுக்கு வேறுபொருள் கற்பித்தலாகாது என்பதும் செந்தர விதியாதலின், ஒரு வழுவைத் தீர்க்க மற்றொரு வழுவைச் செய்ததாயிற்று. அக்கம்பைலருக்கு மட்டும் என்று வரம்பிட்டு வைத்தால் பொறுக்கலாம். வரம்பின்றி வைத்தால் பொறுக்கலாகாது.

ஐந்தாவது, மாற்றுவழி ஒவ்வொன்றின் தலையிலும் காரணமும், எப்பதிப்பின் வழு என்பதும், நாளும், உற்பத்தியாளர்க்கு அறிவித்த செய்தியும் பொறிக்கப்படுக. வழு திருந்தியவுடன் அது களையப்படுக. பூஸ்ட் என்னும் சி பிளஸ் பிளஸ் நூலகத் தொகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்தப் பதிப்புவரை இவ்வழு சோதிக்கப்பட்டது என்பதனை மாற்றுவழியோடு சேர்த்துக் குறிக்க அதில் வாய்ப்புண்டு. காலங்கடந்த மாற்றுவழி எவையெனக் காட்டுக என்று கேட்டால் காட்டவும் செய்யும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோர் இவ்வொழுக்கத்தை அறிந்திருந்தனர். மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறிலும் புள்ளி பெறுதல் வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை துளைபடுமாதலின் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டனர். எழுத்தின் இலக்கணம் ஒன்று. எழுதுகருவியின் இயல்பு மற்றொன்று. 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதலாயினோர் அவ்வேடுகளை ஒப்புநோக்கிப் புள்ளியிட்டுப் பாடம் கண்டனர். வேறு பாடங்களை மறைத்துவிடாது பாடபேதம் என்று குறித்தும் வைத்தனர். குறித்து வைத்தமையாலன்றோ பின்வந்தோர் ஆராய முடிந்தது?

இவற்றிற்கு மறுப்புரைப்பார் கூற்றையும் கேட்டல் முறை. 'நிரலெழுதுவோர் மாற்றுவழி செய்துகொண்டே இருந்தால் கம்பைலர் செய்வோர் தம் வழுவை என்று திருத்துவர்?' என்பர். இவ்வினா வலிமையுடையதே. மாற்றுவழி இனிதாக ஓடுங்கால் குறையுரைப்பார் குறைவர். குறையுரைப்பார் குறைந்தால் திருத்துவாரும் இலர். அதனாலன்றோ அறிவித்தலை யாம் நெறியின் பகுதியாகவே வைத்தது. ஜி.சி.சி., பைத்தன் முதலியவற்றின் குறைப்பதிவேடுகள் எவர்க்கும் திறந்துள்ளன. ஏம்பலத்து மாணவன் எழுதும் விண்ணப்பமும் பிறநாட்டுப் பொறியாளர் எழுதும் விண்ணப்பமும் ஆங்கு ஒரே வரிசையில் நிற்கும்.

அறிவிக்குங்கால் எவ்வாயிலைத் தட்டுவது என்பதும் தெரிதல் வேண்டும். குறை மூவகைத்து. செந்தரம் தெளிவாகக் கூறியிருக்கக் கம்பைலர் பிறழ்வது ஒன்று. அதனைக் கம்பைலர் செய்தாரிடம் உரைக்க. இருவேறு செந்தரங்கள் முரண, நூலகம் ஒன்றனைத் தழுவி மற்றொன்றனைக் கைவிடுவது இரண்டாவது. பைத்தனின் சொற்பிரிப்பு இவ்வகையது. செந்தரமே தமிழின் இயல்பை எண்ணாதிருப்பது மூன்றாவது. இருபது பைட்டுப் பெட்டியுள் 'ஏம்பலம்' என்பதைச் செந்தரத்தின்படி அடைத்தாலும், முடிவுக்குறி போக எஞ்சிய பத்தொன்பது பைட்டில் ஆறு குறிகளும் ஏழாவதன் மூன்றிலொரு பங்கும் அடங்கி, இறுதிப் புள்ளி நொறுங்கும். இது கம்பைலரின் குற்றமன்று. செந்தரம் பைட்டையே அளந்தது, எழுத்தை அளக்கவில்லை. இங்கே எழுத்தெல்லையறிந்து வெட்டும் செயலைத் தமிழர் தாமே எழுதிச் சேர்த்தல் வேண்டும். குறிகளைக் கூட்டித் தமிழெழுத்தாகத் தரும் ஓப்பன்-தமிழ் நூலகம் இத்திறத்துப் பணியே.

'இத்துணை ஒழுக்கத்திற்கு நேரம் ஏது?' என்று வினவுவாரும் உளர். காரணம் எழுத ஒரு வரி போதும். அவ்வொருவரி இல்லாமையால், பின்வருவோன் 'இது ஏன் இங்குளது? நீக்கினால் என்னாகும்?' என்று தேடுவது பல நாள். நேரத்தைச் சேமித்தவன் தன் நேரத்தைச் சேமித்தான். செலவழித்தது பிறர் நேரம்.

அன்பார்ந்த மாணவ நண்பர்காள்! நிரலெழுதுவார்க்குச் செந்தரம் தெரியும். தமிழெழுத்தின் இயல்பு பெரும்பாலும் தெரியாது. தமிழ் பயில்வார்க்கு எழுத்தின் இயல்பு தெரியும். நிரலின் இயல்பு தெரியாது. இவ்விடைவெளியில்தான் புள்ளி உதிர்கின்றது, கொம்பு முறிகின்றது, ஊர்ப்பெயர் பிளக்கின்றது. நம்முட் சிலரேனும் இவ்விரண்டினையும் கற்பாராயின் இவ்விடைவெளி குறுகும். எழுத்ததிகாரம் கற்றவன் கையில் ஒரு சோதனைப் பட்டியல் பிறக்குமாயின், அதுவே ஒரு தொண்டு. உயிர்மெய் இருநூற்றுப் பதினாறையும், உயிர் பன்னிரண்டையும், மெய் பதினெட்டையும், ஆய்தத்தையும் ஆக இருநூற்று நாற்பத்தேழையும் ஒரு கோப்பில் எழுதி, நூலகம்தோறும் செலுத்திப் பார்த்தல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. பிழைபட்டவிடத்தைக் குறித்து உரியவர்க்கு அறிவித்தல் மற்றொரு மாலைப்பொழுதின் வேலை.

விதியை அறியாமற் பிறழ்வது வழு. விதியை அறிந்து, பிறர் இடர் நோக்கி, காரணங் காட்டி, எல்லை கட்டிப் பிறழ்வது வழுவமைதி. கம்பைலர்கள் இன்னும் பல காலம் வழுவுடையனவாகவே இருக்கும். செய்தவர் மாந்தராதலின் அது வியப்பன்று. அவ்வழுவைக் கண்டு நிரலெழுதுவான் செந்தரத்தையும் கைவிடலாகாது. பழங்கருவியுடைய எளியானையும் கைவிடலாகாது. இவ்விரண்டினையும் ஒருங்கே காப்பதற்கு நம் இலக்கண ஆசிரியர் வகுத்துத் தந்த வழி ஒன்று ஆயத்தமாக உளது. அதனைத் தேர்வுக்கு மட்டும் படித்து மறவாமல், கையிலும் எடுத்துக்கொள்வோமாக.